தாத்தா பெயர்க்காரி

எங்கள் தாத்தாவின் பெயரை இங்கே நான் எழுதப் போவதில்லை. அது ஊர் உலகமெல்லாம் சுற்றியது போதும். டர்பனில் ஒரு பல் மருத்துவரின் வாசல் பலகையில் அது இருக்கிறது. பெர்த்தில் வீடு விற்றுக்கொடுக்கும் ஒருவர் அதைக் கார்க் கதவிலேயே எழுதி வைத்திருக்கிறார். லண்டனில் ஒரு டீச்சரைப் பிள்ளைகள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். கனடாவில் ஒரு நாய்க்கு இருக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அங்கே நாயை மருத்துவரிடம் கொண்டுபோனால் நாயின் பெயரோடு வீட்டுக்காரரின் குடும்பப் பெயரையும் சேர்த்து எழுதுவார்களாம். ஒரு பழுப்பு நாயின் தடுப்பூசி அட்டையில் எங்கள் தாத்தா பெயர் அச்சாகியிருப்பதைப் படமாகவே பார்த்தேன். எனக்குத்தான் கிடைக்கவில்லை.

நான் வீட்டுக்குத் தலைச்சன். அப்பாவும் அவர் அப்பாவுக்குத் தலைச்சன். எங்கள் வம்சத்தில் மூத்த மகனுக்குப் பிறக்கும் மூத்த ஆண் பிள்ளைக்குத்தான் தாத்தா பெயர். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறையாக அது வரும். இளையவர்களின் பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு சாமி பெயரை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். தாத்தாவும் பேரனுமாக இரண்டு பேருக்கு மேல் அந்தப் பெயர் ஒரே சமயத்தில் இருந்தது கிடையாது. எனக்கு, அப்போது வாரப் பத்திரிகையில் வந்துகொண்டிருந்த ஏதோ ஒரு தொடர்கதையின் கதாநாயகி பெயரை வைத்தார்கள். வகுப்புக்கு மூன்று பேர் அதே பெயரில் இருந்தோம்.

தம்பி பிறந்தான். அதுவரை என்னைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போன தாத்தா, அன்றிலிருந்து வயலைவிட்டு வந்து காலைக் கழுவும்போதே, "எங்க எம்பேருக்காரன்" என்று கேட்க ஆரம்பித்தார். நான் ஓடிப்போய் நின்றாலும் என் தலைக்கு மேலாகப் பார்ப்பார். எனக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயதுகூட இல்லை. ஆனால் வயிறு எரிவது என்றால் என்ன என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன். அது உவமை இல்லை. உண்மையாகவே வயிற்றில்தான் எரியும்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெயரை வீட்டில் பாதிப் பேர் வாயால் சொல்ல முடியாது. மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்பதால் அம்மா தம்பியை 'சாமி' என்பார். சித்திகளும் 'சாமி' என்பார்கள். தம்பிக்கோ அந்தப் பெயரே பிடிக்காது. கிழட்டுப் பெயர் என்பான். பள்ளிக்கூடத்தில் அதை இரண்டெழுத்தாக வெட்டிக்கொண்டான். உர மூட்டை வாங்கினாலும் பேங்குக்குப் போனாலும் அந்த இரண்டெழுத்தைக் கிறுக்கிவிட்டு வருவான். எனக்கு அந்தக் கையெழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஆத்திரமாக வரும். கையில் கிடைத்தவனுக்கு அருமை தெரியவில்லை, தெரிந்தவளுக்குக் கையில் இல்லை.

கல்யாணமாகித் தஞ்சாவூருக்கு வந்தேன். ஊருக்கும் தஞ்சாவூருக்கும் டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம்தான். அந்த அரை மணி நேரத்தில் என் பெயருக்கு முன்னால் இருந்த அப்பாவின் எழுத்துப் போய், கணவரின் எழுத்து வந்து உட்கார்ந்துகொண்டது. மகன் பிறந்தபோது தாத்தா காலமாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. பிள்ளை பார்க்க வந்த அப்பாவிடம், தாத்தா பெயரை இவனுக்கு வைக்கலாமா என்று கேட்டேன். அப்பா சட்டைப் பையில் எதையோ தேடுவதுபோலத் தேடினார்.

"அது அவங்க வீட்டுப் புள்ளம்மா. அவங்க தாத்தா பேரு இருக்குல்ல" என்றார்.

இருந்தது. என் மாமனார் பெயரைத்தான் வைத்தார்கள். அதனால் என் அம்மாவுக்கு நேர்ந்தது எனக்கும் நேர்ந்தது. நான் பெற்ற பிள்ளையை நான் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று மாமியாரும் கூட வந்திருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டார். நான் ஆங்கில எம்.ஏ. படித்தவள், அதே ஊரில் இன்னொரு பள்ளியில் ஆசிரியை. வாயைத் திறந்து, மாமியாரைப் பார்த்து, மூடிக்கொண்டேன். கடைசியில் பிள்ளையே தன் பெயரைச் சொன்னான். எனக்கு வேண்டிய பெயரை வைக்க விடவில்லை, வைத்த பெயரைச் சொல்ல விடவில்லை. அவன் இப்போது முப்பது வயது தாண்டியவன். இன்னும் 'தம்பி'தான்.

தம்பியின் மகனுக்கு எங்கள் அப்பா பெயர் வந்தது. அதற்குப் பிறகு அவனுக்கு ஒரு மகன் பிறந்தபோது, வரிசைப்படி தாத்தா பெயர் அந்தக் குழந்தைக்குப் போயிருக்க வேண்டும். தம்பி மகன் சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். வடநாட்டுப் பெயர் ஒன்றை வைத்துவிட்டுப் போட்டோ அனுப்பினான். எங்கள் தம்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதோடு அந்தப் பெயர் முடிந்தது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. எனக்கு இல்லாதது இனி யாருக்கும் இல்லை.

அந்த நிம்மதியைக் கெடுத்ததும் அதே தம்பி மகன்தான். அவன் அலுவலகத்துக்குத் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒருவர் வேலையாக வந்திருக்கிறார். அவர் கழுத்தில் தொங்கிய அட்டையில் எங்கள் தாத்தா பெயர். அது அவருடைய பெயர் இல்லை, குடும்பப் பெயர். அவர் அப்பாவுக்கும் அதே, அத்தைக்கும் அதே, அத்தை பிள்ளைகளுக்கும் அதே. இவன் விளையாட்டாக ஊர் பெயரைக் கேட்க, அவர் தன் அத்தைக்குப் போன் போட, அத்தை ஒரு பழைய கப்பல் பதிவின் படத்தை அனுப்பியிருக்கிறார். அதில் எங்கள் ஊரும் தாலுகாவும் இருந்தன. எழுத்து கொஞ்சம் கோணியிருந்தாலும் அடையாளம் தெரிந்தது. அந்த அத்தை நேரில் பார்க்க வருகிறார் என்று தம்பி எனக்குப் போனில் சொன்னான். அவன் குரலில் அப்படி ஒரு துள்ளலை அவன் மகன் பிறந்தபோதுகூடக் கேட்டதில்லை.

"நீ வந்தாத்தான்க்கா ஆவும். எங்களுக்கு இங்கிலீஷ் வராது" என்றான்.

இந்த விஷயத்தில் எனக்கு என்ன வேலை என்பது அப்போதே தெளிவாகிவிட்டது. என் கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பங்காளிக் காய்ச்சலா" என்று சிரித்தார். பங்காளி என்றால் ஒரே வம்சத்து ஆண் வழி. நான் வேறு வீட்டுக்கு வந்தவள். அந்தக் காய்ச்சல்கூட எனக்கு முறைப்படி வரக் கூடாது.

மாசி மாதம் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கிற சமயம் பார்த்து அவள் வந்தாள். அவர் என்று எழுதுவதுதான் மரியாதை. என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவள்கூட. எழுத மனசு வரவில்லை. ஊர் எல்லையிலேயே தம்பி ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தான். நடுவில் அவள் படம், மேலே பெரிய எழுத்தில் எங்கள் தாத்தா பெயர், 'வேரைத் தேடி வரும்' என்று என்னவோ. கீழே வரிசையாகப் பங்காளிகளின் தலைகள். அதற்கும் கீழே மூலையில் ஒரு தபால் தலை அளவுக்கு நான் இருந்தேன், கணவர் எழுத்தோடு.

நல்ல உயரம், ஒட்ட வெட்டிய நரைமுடி, காலில் ஓடுகிறவர்கள் போடும் ஷூ. டர்பன் பக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவளாம். காரை விட்டு இறங்கியதும் கையைக் கூப்பி, அவள் பெயரையும் பின்னால் எங்கள் தாத்தா பெயரையும் சேர்த்துச் சொன்னாள். என் தம்பி மனைவிக்கு அது மாமனாருடைய அப்பா பெயர், கட்டிய புருஷன் பெயரும் அதுதான். இரட்டைத் தடை. அவள் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் வந்தவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று பெண்கள் கூடிப் பேசி, 'டர்பன் அண்ணி' என்று முடிவு செய்தார்கள். நானோ அந்தப் பெயரைத் தாராளமாகச் சொல்லலாம். சொல்லவில்லை. வேண்டுமென்றே "ஹலோ" என்றேன்.

ரசம் அவளுக்குத் தெரிந்திருந்தது. விரால் மீன் குழம்பை முள் எடுத்துச் சாப்பிடத் தெரிந்திருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. தெரியாமல் திண்டாடியிருந்தால் சொல்லிக் கொடுத்திருப்பேன், கொஞ்சம் மனசு ஆறியிருக்கும்.

சாப்பிட்டதும் கைப்பேசியில் ஒரு உலகப் படத்தைக் காட்டினாள். எங்கள் தாத்தா பெயரைக் குடும்பப் பெயராக வைத்திருப்பவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று அவளே பல வருஷமாகத் தேடிப் புள்ளி வைத்தது. டர்பனைச் சுற்றி எறும்பு மொய்த்ததுபோல இருந்தது. கரும்புத் தோட்டத்திலிருந்து ரயில் வேலைக்குப் போனவர்கள், அங்கிருந்து ஜோகன்னஸ்பர்க், அப்புறம் பிள்ளைகள் படித்து லண்டன், பெர்த், டொரான்டோ. நாய் உட்பட. எங்கள் பக்கம் படத்தைத் தள்ளிக் காட்டினாள். தஞ்சாவூருக்குக் கிழக்கே ஒரே ஒரு புள்ளி. அது என் தம்பி.

"இங்கே ஏன் இவ்வளவு குறைவு? நீங்கள் எல்லாரும் இங்கேதான் இருப்பீர்கள் என்று நினைத்தோம்" என்றாள் ஆங்கிலத்தில்.

எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது, அது ஓர் ஆளின் பெயர், ஒரு தலைமுறை விட்டுத்தான் அடுத்தவருக்கு என்று விளக்கினேன். அவள் கேட்டுவிட்டு, "அப்படியானால் உங்களுக்கு?" என்றாள். "எனக்கு இல்லை" என்றேன். "ஐயோ பாவம்" என்ற முகத்தோடு என் முழங்கையைத் தொட்டாள். அந்தக் கையைத் தட்டிவிடாமல் இருந்ததற்கு எனக்கு யாராவது பரிசு கொடுக்க வேண்டும்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அவளுடைய கப்பல்காரர் எங்கள் வம்சத்தில் யார்? கரும்புத் தோட்டத்துக்குப் போன ஒருவரைப் பற்றி வீட்டில் பேச்சு உண்டு. தாத்தாவுக்குத் தாத்தாவின் தம்பி. அண்ணனோடு மனஸ்தாபப்பட்டுக்கொண்டு இரவோடு இரவாகப் போனவர். ஆனால் அவர் இளையவர். அவருக்கு அந்தப் பெயர் இருந்திருக்க முடியாது. அது அண்ணனிடம், பட்டாவோடும் பாசனத்தோடும் இங்கே பத்திரமாக இருந்தது.

வம்சத்தில் இப்போது மூத்தவர் ஒன்றுவிட்ட பெரியப்பா. எண்பது தாண்டியவர், கோயில் காரியமெல்லாம் அவர் சொல்படிதான். அவர்தான் இதற்கு விடை சொன்னார்.

"நம்ம பக்கம் ஒருத்தன யாருடான்னு கேட்டா என்ன சொல்லுவான்? இன்னார் தம்பின்னுதானே சொல்லுவான். தன் பேர எவன் சொல்றான்? கப்பல்ல எழுதுறவன் பாதியக் கேட்டுட்டு அண்ணன் பேர எழுதிக்கிட்டான். அவ்வளவுதான்."

எல்லாரும் தலையாட்டினார்கள். உண்மைதான், ஊருக்கு வரும்போது என் தம்பி மகனை இன்றைக்கும் கடைத்தெருவில் யார் என்று கேட்டால் அவன் அப்பன் பெயரைத்தான் சொல்வான். நானும் அதை அப்படியே அவளுக்குச் சொன்னேன். அவள் அதைக் கேட்டு ரொம்ப நேரம் சிரித்தாள். தன் குடும்பத்தில் அத்தனை பேரும் யாரோ ஒருவருடைய தம்பி என்பதுபோல் ஆயிற்றே என்றாள்.

எனக்கு மட்டும் பெரியப்பாவின் விடை ஒத்துவரவில்லை. எழுதுகிறவன் மேல் பழி போடுவது சுலபம். அந்த இளையவரை எனக்கு அவர்களைவிட நன்றாகத் தெரியும். சின்ன வயதிலிருந்து அந்தப் பெயர் அண்ணனுக்கு மட்டும் கூப்பிடப்படுவதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர். வயல் அண்ணனுக்கு, கோயிலில் முன்வரிசை அண்ணனுக்கு, பெயரும் அண்ணனுக்கு. மதராஸ் துறைமுகத்தில் அவரை அறிந்தவர் ஒருவர்கூட இல்லை. எந்தப் பெயரையும் சொல்லலாம். சொன்னார். எடுத்துக்கொண்டு கப்பல் ஏறிவிட்டார். உலகம் பூராவும் புள்ளி புள்ளியாக இருப்பது அந்த ஆளின் பொறாமைதான் என்று எனக்குத் தோன்றியது. அவருக்குக் கப்பல் இருந்தது. எனக்கு டவுன் பஸ்.

மறுநாள் சாயங்காலம் ஆற்றுப் பக்கம் போக வேண்டும் என்றாள். மற்றவர்களுக்கு வேலை இருந்ததால் நான்தான் கூட்டிப் போனேன். சம்பா அறுத்த வயல்களில் உளுந்து முளைத்திருந்தது. மதகில் உட்கார்ந்துகொண்டு அவள் தன் குடும்பக் கதையைச் சொன்னாள். கப்பல்காரருக்கு ஆண் பிள்ளையே இல்லையாம். ஒரே மகள். அந்த மகளுக்கு அங்கேயே ஒரு தோட்டத்து ஆளோடு, கோயிலில் வைத்துத் தாலி கட்டிக் கல்யாணம் நடந்திருக்கிறது. ஆனால் அந்த ஊர்ச் சட்டம் கோயில் கல்யாணத்தைக் கல்யாணமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் பிள்ளைகளுக்கு அப்பன் பெயரை எழுதாமல் அம்மாவின் குடும்பப் பெயரையே எழுதிவிட்டார்கள். அந்த ஒருத்தி வயிற்றிலிருந்து வந்ததுதான் அத்தனை புள்ளிகளும்.

"நானும் கல்யாணத்துக்குப் பிறகு மாற்றிக்கொள்ளவில்லை. என் பெண்ணும் மாற்றவில்லை" என்றாள்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இரக்கத்தில் இல்லை. மகள் வழி. கல்யாணமான மகளின் பிள்ளைகள் வேறு வீட்டுப் பிள்ளைகள் என்று என் அப்பா என்னிடம் சொன்ன அதே வழி. எங்கள் கோயில் முறைப்படி அவளுக்கு இந்த வம்சத்தில் இடமே கிடையாது, எனக்கு இல்லாததுபோலவே. இது எனக்கு மட்டும் தெரியும். மறுநாள் காலை கோயிலில் வம்ச வரிசையைக் கேட்பார்கள், இதை எல்லாருக்கும் சொல்லப் போவதும் நான்தான், மொழிபெயர்ப்பாளராக, என் மேல் ஒரு குற்றமும் வராமல். அன்று இரவு போல நான் நிம்மதியாகத் தூங்கி வெகு காலமாகியிருந்தது.

எங்கள் சாமிக்கு வயலுக்கு நடுவே, வாய்க்காலை ஒட்டி ஒரு சின்னக் கோயில். மாசியில் பங்காளி வீடுகள் எல்லாம் சேர்ந்து ஒரே பானையில் பொங்கல் வைப்போம். வைப்போம் என்று நான் சொல்லக் கூடாது, வைப்பார்கள். வீட்டுக்கு ஒரு படி பச்சரிசி. பூசாரி ஒவ்வொரு வீட்டுத் தலைவர் பெயரையும் உரக்கச் சொல்லிக் கூப்பிட, அவர் வந்து தன் அரிசியைப் பானையில் போட வேண்டும். பெயர் சொல்லிப் போட்டவர்கள் அந்தச் சாமிக்குச் சொந்தம். கட்டிக்கொடுத்த பெண்கள் ஓரமாக நின்று பார்க்கலாம். முதல் இலை எங்களுக்குத்தான் போடுவார்கள், பூவும் கொடுப்பார்கள். அரிசி மட்டும் போட முடியாது.

அன்று காலை அவள் ஒரு அரக்குப் பட்டுப் புடவையில் வந்தாள். தலைப்பில் அன்னம் போட்டது. என் அம்மாவின் புடவை. தம்பி மனைவி பீரோவிலிருந்து எடுத்துக் கட்டிவிட்டிருக்கிறாள். அம்மா இறந்தபோது, கேட்டால் பேராசை என்று நினைப்பார்களோ என்று நான் கேட்காமல் விட்ட புடவை அது. அவளுடைய உயரத்துக்குக் கணுக்காலுக்கு மேலே ஏறி, கீழே ஷூ தெரிந்தது. கண்ணை உறுத்தியது. வேறு பக்கம் பார்த்தாலும் உறுத்தியது.

தென்னை மட்டை புகைந்துகொண்டிருந்தது. மேளக்காரர்கள் ஓய்ந்த நேரம் பார்த்துப் பெரியப்பா என்னைக் கூப்பிட்டார்.

"இந்தம்மாவும் ஒரு படி போடட்டும்னு தம்பி சொல்றான். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. போனவருக்கு மகன் யாரு, அந்த மகனுக்கு மகன் யாருன்னு வரிசையா சொல்லச் சொல்லும்மா."

கேட்டேன். அவள் மதகில் சொன்னதை ஒளிக்காமல் எல்லார் முன்னாலும் சொன்னாள். ஒளிக்க வேண்டியது அதில் ஏதாவது இருப்பதாகவே அவளுக்குத் தெரியவில்லை. நான் ஒரு சொல் கூட்டாமல் ஒரு சொல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். தேவைக்கு அதிகமாகவே உரக்கச் சொன்னேன். "மகன் கிடையாது. ஒரே பொண்ணு. எல்லாம் பொண்ணு வழி" என்று முடித்தேன்.

தம்பி தரையைப் பார்த்தான். பெரியப்பா வாயில் இருந்த வெற்றிலையை ஒதுக்கினார். இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தேன்.

"அந்த ஊரு சட்டம் அப்படி இருந்தா அதுக்கு இந்தப் பொண்ணு என்ன செய்யும்" என்றார் பெரியப்பா. "எவ்வளவு தூரத்துலேருந்து வந்துருக்கு. ரத்தம் நம்ம ரத்தம்தானே. போடச் சொல்லு."

பூசாரி, "எந்தப் பேருல கூப்புடுறது? அவங்க பேரு நம்ம தம்பி பேரால்ல இருக்கு. அது ஆயிடுச்சே" என்றார்.

"இன்னொருவாட்டி கூப்புடு. சாமி கோவிச்சுக்காது."

பூசாரி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு எங்கள் தாத்தா பெயரை வயல்வெளி முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார். அந்தப் பெயருக்கு ஒரு பெண் எழுந்து நடந்து போவதை நான் அதுவரை பார்த்ததில்லை. என் அம்மாவின் புடவையில், நிமிர்ந்து, அவசரமில்லாமல் போனாள். இரண்டு கையாலும் படியைக் கவிழ்த்தாள். பெண்கள் குலவையிட்டார்கள். நான் பெரியப்பா பக்கத்தில் போய் நின்றேன்.

"பெரியப்பா, பொண்ணு வழின்னு சொன்னேனே. காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சும்மா."

"அப்ப நானும் போடுறேன். அதே பேருல என்னையும் கூப்புடச் சொல்லுங்க."

அவர் கோபப்பட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். எத்தனையோ வருஷமாக அதற்கான வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அவர் கோபப்படவில்லை. பொக்கை வாயைத் திறந்து, அத்தனை பிரியமாகச் சிரித்தார். என் தலையில் கை வைத்தார்.

"நீ நம்ம வீட்டுப் பொண்ணும்மா. ஒனக்கெதுக்கு வரிசை?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். ஒருவர் முகத்திலும் ஒரு துளி கெட்ட எண்ணம் இல்லை. கடல் தாண்டிப் போனவரின் மகள் வழிக்கு வரிசை உண்டு. அரை மணி நேர பஸ்ஸில் போனவளுக்கு, நம்ம வீட்டுப் பொண்ணு என்பதால், இல்லை. இதற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

மேளம் மறுபடியும் தொடங்கியது. தம்பி மனைவியின் கூடையில் கொஞ்சம் அரிசி மிச்சம் இருந்தது. இரண்டு கையாலும் அள்ளினேன். நேரே போய்ப் பானையில் போட்டேன். பூசாரி அகப்பையோடு என்னைப் பார்த்தார், பிறகு பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா வாய்க்கால் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பூசாரி யார் பெயரையும் சொல்லவில்லை. அகப்பையை விட்டுக் கிண்டினார்.

திரும்பி வந்து பெண்களோடு நின்றேன். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். புகையில் அவள் கண் சிவந்திருந்தது, என் கண்ணும்தான்.

"மேளச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. உங்களுக்கு எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்?" என்றாள்.

இரண்டு நாளாக நான் அவளுக்கும் அவர்களுக்கும் நடுவே நின்று எதையும் மாற்றிச் சொன்னதில்லை.

"அதே பெயர்தான்" என்றேன்.

"ஆமாம், வேறு எதைச் சொல்வார்கள்" என்று சொல்லிவிட்டு, அவள் என் அம்மாவின் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்சமும் சந்தேகப்படவில்லை. புடவை போகட்டும், அரிசி போகட்டும், அந்தப் பெயரே போகட்டும். அதைக் கேட்ட உடனே நம்ப முடிந்ததே அவளால், அந்த ஒன்றுக்காகத்தான் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.